புள்ளி யாருடையது?

சென்ற ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மாலைப் பூசை முடிந்து அடியார்கள் கலைந்த பின்னர், அன்னதானக் கணக்கை முடித்துவிடலாம் என்று சிட்டைகளை மேசையில் பரப்பிக்கொண்டு அமர்ந்திருந்தோம். அப்போது லெ பிளாங்-மெனிலில் எமக்கு இரண்டு தெரு தள்ளி வசிக்கும் அன்பர் ஒருவர் பக்கத்துக் கதிரையில் வந்து அமர்ந்தார். லா சப்பலில் பலசரக்குக் கடை ஒன்றில் பல வருடங்களாக வேலை செய்பவர். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அண்ணை, இங்கயும் தரப்படுத்தல் வந்திட்டுது" என்றார்.

அவருடைய மூத்த மகள் மருத்துவப் படிப்புக்கான முதலாம் ஆண்டைப் படித்து முடித்திருந்தாள். பெயரோ பல்கலைக்கழகமோ இங்கு வேண்டாம். எழுத்துப் பரீட்சையில் நல்ல புள்ளி. ஆயினும் நேரே உள்ளே போகும் அளவுக்கு இல்லை. அதனால் வாய்மொழிப் பரீட்சைக்கு அழைத்தார்கள். இரண்டு நடுவர்கள், பத்து நிமிடம். ஏன் வைத்தியராக விரும்புகிறாய், நோயாளரின் துன்பத்தை எங்கே கண்டிருக்கிறாய் என்ற விதமான கேள்விகள். பிள்ளை நாலு வசனம் சொல்லிவிட்டு நின்றுவிட்டாள். எழுத்தில் அவளுக்குக் கீழே இருந்தவர்கள் வாய்மொழியில் மேலே ஏறிப் போய்விட்டார்கள்.

"எழுதி எடுத்த புள்ளியைக் கதைச்சுப் பறிக்கிறது எந்த ஊர் நியாயம்?" என்று கேட்டார். எமக்கு உடனே பதில் வரவில்லை. அன்று வீட்டுக்குப் போன பிறகும், அடுத்த கிழமை முழுவதும் காலையில் பி இலக்கப் புறநகர் ரயிலில் கார் து நோர் வரை நின்றுகொண்டு போகும்போதும், இந்தக் கேள்வியே மனத்தில் உருண்டது. எழுதி எடுத்த புள்ளி யாருடையது?

தரப்படுத்தல் என்ற சொல்லை எமது வீடுகளில் விளக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கு பிறந்த பிள்ளைகள் அதை ஒரு பழைய வசைச்சொல் போலத்தான் கேட்டிருப்பார்கள். ஆகவே சுருக்கமாகச் சொல்கிறோம். 1970இல் பதவிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கத்தில் பதியுதீன் மஹ்மூத் கல்வி அமைச்சர். பரீட்சை எழுதி முடிந்த பின்னர், தமிழ்மொழியில் எழுதியவர்களுக்கு ஒரு வெட்டுப்புள்ளியும் சிங்களமொழியில் எழுதியவர்களுக்கு அதைவிடக் குறைந்த இன்னொன்றும் வைக்கப்பட்டன. 1971 அனுமதியில் மருத்துவத்துக்கு 400க்குத் தமிழ்மொழி மாணவர் 250 எடுக்க வேண்டும், சிங்களமொழி மாணவருக்கு 229 போதும். 1973இல் புள்ளிகளையே மொழிவாரியாகத் தரப்படுத்தினார்கள். 1974இல் அதன்மேல் மாவட்ட ஒதுக்கீடும் ஏறியது. விஞ்ஞானத் துறைகளில் 1970இல் சுமார் 35 வீதமாக இருந்த தமிழ் மாணவர் பங்கு 1975இல் 19 வீதமளவுக்கு இறங்கியது. தமிழ் விடைத்தாள்களைத் திருத்தியவர்கள் புள்ளிகளை அள்ளிக் கொடுத்தார்கள் என்றும் ஒரு கதை கட்டினார்கள். அது மெய்ப்பிக்கப்படவில்லை. அந்த வருடங்களின் மனக்காயம் இளைஞர்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நாம் எழுதிக் காட்டத் தேவையில்லை. நாம் இங்கே இருக்கிறோம் என்பதே அதன் ஒரு பகுதிதான்.

கணக்குத் தொழிலில் ஒரு விதி உண்டு. வருட நடுவில் கணக்கிடும் முறையை மாற்றக்கூடாது. மாற்றியே தீரவேண்டுமானால் முன்கூட்டி அறிவித்து, ஏன் என்று எழுதி, பழைய இலக்கங்களையும் புதிய முறைக்குத் திருப்பிப் போட்டுக் காட்ட வேண்டும். 1971இல் நடந்தது, வருட முடிவில் இலாபம் யாருக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு முறையை மாற்றியது. அதைவிடப் பெரிய பிழை, குறைபாடு எங்கே இருந்தது என்று பாராமல் மொழியைப் பார்த்தது. நல்ல ஆய்வுகூடமுள்ள கொழும்புப் பாடசாலையில் சிங்களத்தில் படித்த பணக்காரப் பிள்ளைக்குத் தடி பதிக்கப்பட்டது. மன்னாரில் விஞ்ஞான ஆசிரியரே இல்லாத பள்ளிக்கூடத்தில் தமிழில் படித்த பிள்ளைக்குத் தடி உயர்த்தப்பட்டது. இதை எந்த நியாயத்தாலும் நேராக்க முடியாது.

ஆனால் மாவட்ட ஒதுக்கீட்டையும் இதே மூச்சில் திட்டுவது எமது வழக்கம். அங்கேதான் எமக்கு இப்போது வாய் அவ்வளவு இலகுவாகத் திறப்பதில்லை.

காரணத்தைச் சொல்லியாக வேண்டும். 1995 ஐப்பசி மாத இறுதியில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோது எமக்குப் பதினேழு வயது. தென்மராட்சியில் சில மாதம், பின்னர் கிளாலியால் கடல்நீரேரியைக் கடந்து வன்னி, கடைசியில் மல்லாவி. அங்கே கொட்டில் வகுப்பில் உயர்தரம் வர்த்தகப் பிரிவில் சேர்ந்தோம். பெற்றோர் அரிசியும் உடுப்பும் சுமந்து வந்தார்கள், நாம் சுமந்து வந்தது யாழ்ப்பாணத்து ரியூட்டரிக் கொப்பிகளை. கணக்கியல் நாலு கொப்பி, பொருளியல் மூன்று. அந்த வகுப்பில் அவ்வூர்ப் பையன் ஒருவன் இருந்தான். தகப்பன் இல்லை. விடியப்புறம் வயலுக்குப் போய்விட்டுத்தான் பள்ளிக்கு வருவான். முதல் தவணைப் பரீட்சை முடிந்த அன்று எம்மிடம் வந்து, கோபமே இல்லாமல், "நீங்கள் எல்லாரும் வாறதுக்கு முதல் நான்தான் வகுப்பில முதலாம் பிள்ளை" என்றான். பிறகு கணக்கியல் கொப்பியை இரண்டு நாளைக்குத் தரமுடியுமா என்று கேட்டான்.

நாம் கொடுக்கவில்லை. எழுதிக்கொண்டிருக்கிறோம், பிறகு தருகிறோம் என்று சொன்னோம். அந்தப் பிறகு வரவேயில்லை. எமக்கு யாழ். பல்கலைக்கழகம் கிடைத்தது. அவனுக்குக் கிடைக்கவில்லை. இது 1997இல் நடந்தது. எத்தனையோ பேருக்கு எத்தனையோ கதை சொல்லியிருக்கிறோம், இதை இப்போதுதான் சொல்கிறோம்.

அந்தப் புள்ளி எமதுதானா? இரவில் விளக்கடியில் கண் எரிய இருந்து படித்தது நாம்தான், அதில் பொய் இல்லை. ஆனால் கொப்பி எமது உழைப்பு அல்ல. அதை எழுதுவித்த ஆசிரியரும், அவருக்குக் காசு கட்டிய தகப்பனும், அந்த ஆசிரியரைப் படிப்பித்த கல்லூரியும், அந்தக் கல்லூரியை அங்கே கட்டிய மிசனரிமாரும் எமது உழைப்பு அல்ல. அமெரிக்க மிசனின் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1848 அளவில் மானிப்பாயில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கி, பின்னர் அதைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். உலகத்தில் எத்தனை கிராமங்களுக்கு அந்தக் காலத்தில் இப்படி ஒரு பேறு வாய்த்தது? யாழ்ப்பாணத்தான் வரண்ட மண்ணில் படிப்பை நம்பி முன்னேறினான் என்று பெருமையாகச் சொல்வோம். மெய்தான். ஆயினும் அந்தப் படிப்பு கிடைத்தது மானிப்பாயிலும் வட்டுக்கோட்டையிலும், மல்லாவியில் அல்ல. 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீட்டால் மன்னார், வவுனியாத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் சில கதவுகள் திறந்தன என்பதை நாம் மேடைகளில் கேட்டதில்லை.

இன்று இலங்கையில் மொழிவாரி முறை இல்லை. மருத்துவம் போன்ற துறைகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தக் கடைசி வரிசையில் முல்லைத்தீவும் மன்னாரும் உண்டு, அம்பாந்தோட்டையும் மொனராகலையும் உண்டு. 2001 முதல் வெறும் புள்ளிக்குப் பதிலாக இசட் புள்ளி. ஒரு பாடத்தில் எல்லோரும் எடுத்த சராசரியை உமது புள்ளியிலிருந்து கழித்து, புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றனவோ அதனால் வகுப்பார்கள். கடினமான பாடம் எடுத்தவனுக்கு அநியாயம் நேராது என்பது எண்ணம். எமது தொழிலுக்கு இது மிகவும் பிடித்த கணக்கு. ஆனால் கணக்கு எவ்வளவு அழகானாலும், எதை எதனோடு கூட்டுகிறோம் என்பதில் பிழை விட்டால் அழகு ஒன்றுக்கும் உதவாது. 2011 உயர்தரத்தில் பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் புதியதில் எழுதியவர்களையும் ஒரே கும்பலாகக் கணக்கிட்டுப் பெரிய குழப்பமாகி, 2012இல் உயர்நீதிமன்றம் வேறுவேறாகத் திரும்பக் கணக்கிடச் சொன்னது. இன்னொன்று: பெற்றோர் வெட்டுப்புள்ளி குறைந்த மாவட்டம் பார்த்துப் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், அதைத் தடுக்க அங்கே மூன்று வருடம் படித்திருக்க வேண்டும் என்று விதி வைப்பதும், அதற்கும் வழி தேடுவதும் நடந்துகொண்டே இருக்கின்றன. நுவரெலியாவில் மலையகப் பிள்ளைக்கென்று நினைத்த இடத்தில் வேறு மாவட்டத்துப் பிள்ளை உட்காருகிறது என்ற முறைப்பாடு இன்றுவரை உண்டு. உட்காருவது எமது ஆட்களாகவும் இருக்கலாம். அப்போது எமக்குத் தரப்படுத்தல் நினைவுக்கு வருவதில்லை.

இனி எமது அன்பரின் "இங்கயும்" என்ற சொல்லுக்கு வருவோம். வேடிக்கை என்னவென்றால், பிரான்சிலும் மருத்துவ அனுமதிக்குப் பூட்டுப் போட்டது அதே 1971இல்தான். அவ்வருடம் ஆடி மாதத்துச் சட்டம் ஒன்றால் இரண்டாம் ஆண்டுக்கு எத்தனை பேரை ஏற்றுவது என்று அரசாங்கம் இலக்கம் வைக்கத் தொடங்கியது. அதற்கு நூமெருஸ் குளோசுஸ் என்று பெயர். 1972இல் 8588 இடம். குறைத்துக் குறைத்து 1993இல் 3500. இங்கே மொழியும் இல்லை, இனமும் இல்லை. அந்தந்தப் பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் ஒரே வினாத்தாள், மேலே வந்தவர் போவார், மற்றவர் நிற்பார். ஆனால் இன்று எமது வட்டாரத்தில் குடும்ப வைத்தியரைக் காண மூன்று கிழமை காத்திருக்கிறோமே, அந்தக் காத்திருப்பின் ஒரு பகுதி 1993இல் போட்ட கணக்கின் வட்டி.

2019 ஆடி மாதத்துச் சட்டம் இதை மாற்றியது. 2020 முதல் இரண்டு வழி. ஒன்று பாஸ் எனப்படும் மருத்துவ முதலாம் ஆண்டு, அதை இரண்டாம் தடவை படிக்க முடியாது. மற்றது லாஸ், அதாவது சட்டமோ உயிரியலோ வேறொன்றோ படித்துக்கொண்டே மருத்துவத்துக்கும் விண்ணப்பிப்பது. மொத்தமாக ஒருவருக்கு இரண்டு தடவைதான். மனனம் செய்யும் இயந்திரங்களை மட்டும் எடுக்காமல் பலதரப்பட்ட பிள்ளைகளை எடுப்பது நோக்கம் என்றார்கள். அதற்காகத்தான் வாய்மொழியும் வந்தது. அதற்கு மொத்த நிறையில் 70 வீதம் வரை வைத்த பல்கலைக்கழகங்களும் இருந்தன. 2024 மார்கழியில் பிரான்சின் கணக்காய்வு நீதிமன்றம் இந்த முறையை ஆராய்ந்து, மிகவும் சிக்கலாகிவிட்டது, ஒரே வழியாக்குங்கள் என்று அறிக்கை வெளியிட்டது. தணிக்கைக்காரர்கள் சொன்னதால் எமக்கு ஒரு சின்னச் சந்தோசம், அவ்வளவுதான்.

பரீட்சையை மாற்றுவது எங்கும் நடக்கிறது. இலண்டனில் உறவினர் உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்கும், பிமாற் என்ற பரீட்சை 2023உடன் நின்றுவிட்டது. யூகற் என்பதில் உருவங்களைப் பார்த்து ஒழுங்கு கண்டுபிடிக்கும் பகுதியை 2025இல் எடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டில் 1984 முதல் இருந்த நுழைவுத்தேர்வை, கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாதகம் என்று 2006இல் சட்டமியற்றி நீக்கினார்கள். 2017இல் நீட் வந்து அகில இந்தியப் பரீட்சையே கட்டாயமாயிற்று. பிளஸ் டூவில் மிக உயர்ந்த புள்ளி எடுத்தும் இடம் கிடைக்காத அரியலூர்ப் பெண் அனிதா அவ்வருடம் தன் உயிரையே விட்டாள். பின்னர் 2020இல் அரசுப் பள்ளியில் படித்தோருக்கு 7.5 வீதம் உள் ஒதுக்கீடு செய்தார்கள். இவற்றையெல்லாம் பார்க்கும்போது ஒன்று விளங்குகிறது. எந்தப் பரீட்சை வந்தாலும், ஒரு வருடத்துக்குள் அதற்கு ஒரு ரியூட்டரி முளைத்துவிடும். இங்கே வாய்மொழிக்கும் முளைத்திருக்கிறது. சில ஆயிரம் யூரோ கட்டினால், எப்படி உட்காருவது, எங்கே சற்று நிறுத்துவது, தாத்தாவின் மரணத்தை எந்த இடத்தில் சொல்வது என்பதுவரை பழக்குகிறார்கள்.

அப்படியானால் வாய்மொழியே அநியாயம் என்று முடித்துவிடலாமா? அன்பரிடம் அடுத்த வெள்ளிக்கிழமை இதைத்தான் கதைத்தோம். நாம் கேட்டோம்: "தம்பி, உமது தாய்க்கு வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில கிடக்கேக்க, டொக்டர் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை கதைக்காமல் போனால் உமக்கு எப்பிடி இருக்கும்?" அவர், "அது வேற கதை அண்ணை" என்றார். எமக்கு அது வேறு கதையாகத் தெரியவில்லை. மருத்துவபீடத்து இடம் கெட்டிக்காரனுக்குக் கொடுக்கும் வெள்ளிக்கிண்ணம் அல்ல. அந்த இடத்தின் உண்மையான சொந்தக்காரர், பத்து வருடம் கழித்து அந்த வைத்தியரின் முன்னால் உட்காரப்போகும் நோயாளி. அவர் யாரென்று இன்று யாருக்கும் தெரியாது, அவர் சார்பில் யாரும் ஊர்வலம் போவதுமில்லை. அவருக்குப் புத்தகம் தெரிந்த வைத்தியரும் வேண்டும், பேசத் தெரிந்தவரும் வேண்டும். எனவே பேச்சைச் சோதிப்பது பிழையல்ல. நல்ல வீட்டுப் பேச்சு எப்படிப் பேசப் பழகினோம் என்பதைச் சோதித்துவிட்டு, நோயாளியோடு பேசத் தெரிகிறதா என்று சோதித்ததாக எழுதி வைப்பதுதான் பிழை.

பிறகு இன்னொன்றும் கேட்டோம். எமது 93ஆம் மாவட்டம் பிரான்சின் பெருநிலத்தில் வறுமை வீதம் மிகக் கூடியது. இங்குள்ள பள்ளிகளில் ஆசிரியர் சுகயீனமானால் பதிலுக்கு ஆள் வருவதில்லை என்று 2024இல் ஆசிரியர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். பரிஸ் அரசியல் கல்லூரியான சியான்ஸ் போ 2001 முதல் இப்படியான வட்டாரத்துப் பள்ளிகளுக்குத் தனி அனுமதி வழி வைத்திருக்கிறது. "நாளைக்கு மருத்துவத்துக்கும், 93ஆம் மாவட்டத்துப் பிள்ளை எண்டு ரெண்டு புள்ளி கூடப் போட்டால் வேண்டாமெண்டு சொல்லுவீரோ?"

அவர் நெடுநேரம் சிட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "வேண்டாமெண்டு சொல்லமாட்டன். ஆனா அங்க எங்களுக்குச் செய்தது சரியெண்டும் சொல்லமாட்டன்."

இரண்டையும் ஒருவர் ஒரே வாயால் சொல்லலாமா என்பதுதான் எமது கவலை. சொல்லலாம் என்றே நினைக்கிறோம், ஆனால் ஒரு கடன் தீர்த்த பிறகு. பரீட்சைக்குப் பின் விதியை மாற்றியதையும், மொழியை அளவுகோலாக்கியதையும் அநியாயம் என்று சொல்ல எமக்கு முழு உரிமை உண்டு. ஆசிரியர் இல்லாத ஊருக்கு ஒதுக்கிய இடத்தை அதே பெயரால் திட்ட எமக்கு உரிமை இல்லை. 93ஆம் மாவட்டத்துக்குக் கேட்பதை மல்லாவிக்கு மறுக்க முடியாது. எவ்வளவு ஒதுக்குவது, எத்தனை வருடத்துக்கு, அந்த ஊருக்கு ஆசிரியரை அனுப்பாமல் புள்ளியை மட்டும் கூட்டிக் கொடுத்துக் கைகழுவுவதா என்பவையெல்லாம் வாதாட வேண்டிய கேள்விகள். அதில் எமக்கும் தெளிவில்லை. கூட்டிக் கொடுத்த புள்ளியோடு போகும் பிள்ளையை மற்றப் பிள்ளைகள் எப்படிப் பார்ப்பார்கள் என்பதும் எமக்குக் கவலைதான்.

மகளைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டோம். அவளோடு நாம் பிறகு கதைத்தோம். ஒன்பது வயது முதல் அப்பம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் சென்று, டொக்டர் சொல்வதைத் தமிழிலும் அப்பம்மா சொல்வதைப் பிரெஞ்சிலும் மொழிபெயர்த்தவள் அவள்தான். சீனி வருத்தம், பிறகு கண், பிறகு சிறுநீரகம். ஏழு வருடம். நோயாளரின் துன்பத்தை எங்கே கண்டாய் என்று நடுவர்கள் கேட்டபோது இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "வீட்டு விசயத்தை வெளியில சொல்லக்கூடாதெண்டு அம்மா சொல்லியிருக்கிறா, மாமா" என்றாள். தகப்பன் பக்கத்தில் இருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பிள்ளை இப்போது லாஸ் வழியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளுக்கு இன்னும் ஒரு தடவை உண்டு. புரட்டாதி முதல் சனிக்கிழமைகளில் மாலை ஐந்து மணிக்கு ஆலய மண்டபத்தில் வாய்மொழிப் பயிற்சி நடத்துகிறோம். அவளும் வந்து இளையவர்களுக்கு நடுவராக இருக்கிறாள். கட்டணம் இல்லை. கொப்பிகளை யாரும் எடுத்துப் படம் பிடிக்கலாம். முதல் நாள் பதினேழு வயதுப் பையன் ஒருவன், பன்னிரண்டு வயதில் தாய்க்கு மொழிபெயர்க்கப் போனபோது டொக்டர் சொன்ன நோயின் பெயரைத் தாயிடம் சொல்லாமல் "சின்னக் கட்டி" என்று மாற்றிச் சொன்னதாகப் பிரெஞ்சில் சொன்னான். செய்தது சரியா பிழையா என்று அவள் கேட்டாள். பத்து நிமிடமும் அதிலேயே போயிற்று.

வைத்தியராக, தாதியாக, மருந்தாளராக, ஆசிரியராக உள்ள அடியார்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது வரமுடியுமானால் சங்கக் காரியாலயத்தில் பெயரைக் கொடுக்கவும். கதிரைகள் போதிய அளவு உண்டு, நடுவராக அமரத்தான் ஆள் போதாது.